மன்னர் போனபின் மண்டபத்தை அடைத்தது யார்? (விவாத இழை)

அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவரின் கேள்வி:
"கம்யூனிஸ்டுகள் மன்னரை வீழ்த்திய இடங்களிலெல்லாம் அந்த மன்னரைவிடக் கொடிய சர்வாதிகாரி ஒருவர்தான் வந்து அமர்ந்திருக்கிறார். ரஷ்யா, சீனா, எத்தியோப்பியா, கம்போடியா என்று வரிசை நீள்கிறது. இதற்கு ஒரு விதிவிலக்காவது உண்டா? இல்லையென்றால் கோளாறு கொள்கையிலேயே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதானே?"

2024 நவம்பர் 7, இரவு

அடுக்கப்பட்ட நான்கு நாடுகளில் ஒன்றில்கூட மன்னரை இறக்கியவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்லர். பெட்ரோகிராடில் ரொட்டிக்கு வரிசையில் நின்று அலுத்த பெண்களும் ஆலைத் தொழிலாளர்களும் தெருவில் இறங்கினார்கள். அவர்களைச் சுடுவதற்கு நிறுத்தப்பட்ட படையே அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஜார் என்றழைக்கப்பட்ட ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலாஸ் 1917 மார்ச் 15 அன்று முடிதுறந்தார். அன்றைக்கு லெனின் சூரிச்சில் இருந்தார். வரப்போகும் புரட்சியின் இறுதிப் போர்களைத் தம்மைப் போன்ற மூத்தவர்கள் உயிரோடிருந்து பார்க்காமலே போகலாம் என்று அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவர் இளைஞர் கூட்டமொன்றில் பேசியிருந்தார். சீனத்தில் சிறுவன் பூயி 1912 பிப்ரவரியில் முடிதுறந்தபோது அந்நாட்டில் கம்யூனிஸ்டுக் கட்சியே கிடையாது. அது 1921இல்தான் தோன்றியது. எத்தியோப்பியாவில் 1974இல் ஹைலே செலாசியை அரண்மனையிலிருந்து இறக்கியவர்கள் ராணுவ அதிகாரிகள். அவர்களுக்கு மார்க்சியம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. கம்போடியாவில், 1955இலேயே மன்னர் பட்டத்தைத் துறந்து பின்னர் அரசுத் தலைவராக இருந்த சிஹானுக்கை 1970இல் கவிழ்த்தவர் லோன் நோல் என்ற வலதுசாரித் தளபதி. கவிழ்க்கப்பட்ட சிஹானுக் போய்க் கைகோத்ததோ கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டுகளோடு.

ஆகவே மன்னரை வீழ்த்தியது யார் என்று கேட்பதைவிட, அவர் விட்டுப்போன இடம் காலியாகக் கிடந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேட்பதே பயன் தரும். நம் எட்டயபுரத்துப் பாரதி யுகப்புரட்சி என்று பாடியதும் ஜாரின் வீழ்ச்சியைத்தான். மேடைகளில் அதை லெனினின் கட்சியான போல்ஷ்விக்குகளுக்கான வாழ்த்துப்பாவாகவே கேட்டுப் பழகிவிட்டோம்.

2024 நவம்பர் 8

அக்டோபர் புரட்சியை நவம்பரில் ஏன் கொண்டாடுகிறீர்கள் என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருக்கிறார். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி பதின்மூன்று நாட்கள் பின்தங்கியிருந்தது. அதன் அக்டோபர் 25 நமக்கு நவம்பர் 7. எங்கள் பெரியப்பா ஆண்டுதோறும் நவம்பர் 7 காலையில் வீட்டு முன்னால் கொடியேற்றி, தெருப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். இதே கேள்வியை ஒன்பது வயதில் நான் அவரிடம் கேட்டேன். "ரஷ்யாவுல குளுரு ஜாஸ்திலே, மாசம் மெதுவாத்தான் நகரும்" என்றார். மிட்டாய் வாயில் இருந்ததால் நம்பிவிட்டேன்.

2024 நவம்பர் 10

காலியான இடத்தைப் பற்றிக் கேட்பதே பயன் தரும் என்று சொல்லியிருந்தேன். அதை விரிவாக எழுதுகிறேன்.

ஜார் போனபின் அமைந்த இடைக்கால அரசு, நாட்டின் வருங்கால அமைப்பை அரசியல் நிர்ணய சபையே முடிவு செய்யும் என்று சொல்லிச் சொல்லித் தேர்தலைத் தள்ளிப்போட்டது. போரையும் நிறுத்தவில்லை, நிலத்தையும் பங்கிடவில்லை. போல்ஷ்விக்குகள் அமைதி, நிலம், ரொட்டி என்ற மூன்று சொற்களோடு வந்து அந்த அரசைக் கவிழ்த்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் இடைக்கால அரசின் பிரதமர் கெரென்ஸ்கியின் மீது சுமத்திய குற்றங்களில் ஒன்று, அரசியல் நிர்ணய சபைக்கான தேர்தலை அவர் இழுத்தடிக்கிறார் என்பது. இதை மறக்கக் கூடாது. ஏனென்றால் ஆட்சிக்கு வந்தபின் அவர்களே அந்தத் தேர்தலை நடத்தினார்கள். நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். பெண்களுக்கும் வாக்கு இருந்தது. விவசாயிகளின் கட்சியான சோசலிசப் புரட்சியாளர்களுக்கு ஏறத்தாழ நாற்பது விழுக்காடும், போல்ஷ்விக்குகளுக்குக் கிட்டத்தட்ட இருபத்து நான்கு விழுக்காடும் கிடைத்தன. பெரிய நகரங்களிலும் போர்முனையின் பல பகுதிகளிலும் வென்ற போல்ஷ்விக்குகள் நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தபோது தோற்றிருந்தார்கள்.

சபை 1918 ஜனவரி 18 அன்று தவ்ரீதா அரண்மனையில் கூடியது. அதை ஆதரித்து ஊர்வலம் வந்தவர்கள் மீது அன்றைக்கே துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் இறந்தார்கள். போல்ஷ்விக்குகள் வைத்த தீர்மானத்தைச் சபை ஏற்காததால் அவர்கள் வெளியேறினார்கள். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செர்னோவ் விடியற்காலை வரை நிலச் சட்டத்தை நிறைவேற்ற முயன்றுகொண்டிருந்தபோது, காவலுக்கு நின்ற மாலுமிகளின் தலைவர் ஒருவர் அருகில் வந்து, காவலர்கள் களைத்துவிட்டார்கள், மண்டபத்தைக் காலி செய்யுங்கள் என்றார். உறுப்பினர்கள் சட்டத்தை அவசர அவசரமாக வாசித்து முடித்துவிட்டுப் போனார்கள். பிறகு திரும்பி வந்து பார்த்தபோது கதவு பூட்டியிருந்தது. சபை கலைக்கப்பட்டதாக ஆணை வெளியாயிற்று.

சர்வாதிகாரம் பிறந்த நாளைக் கேட்டால் 1917 நவம்பர் 7 என்று நான் சொல்ல மாட்டேன், அந்த விடியற்காலையைத்தான் சொல்வேன். ஆட்சியைப் பிடிப்பது வேறு, தோற்றபின் அதை விட மறுப்பது வேறு. மன்னரிடத்திலும் இதேதான் குறை. மன்னர் நல்லவரோ கெட்டவரோ, அவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு கிடையாது. அந்த ஏற்பாடு ரஷ்யாவில் முதன்முறையாக உருவாகி, ஒரே ஒரு நாள் கூடி, அடைக்கப்பட்டது.

2024 நவம்பர் 11

நேற்று எழுதியதில் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு விடியற்காலையில் எல்லாக் கதவும் அடைபட்டதைப் போல எழுதியது நாடகத்துக்கு நன்றாக இருக்கும், வரலாற்றுக்கு ஆகாது. செக்கா என்ற ரகசியப் போலீஸ் சபை கூடுவதற்கு முன்பே, 1917 டிசம்பரில் அமைக்கப்பட்டுவிட்டது. முதலாளிகளின் கட்சி என்று சொல்லிக் காதெத்துகள் என்ற மிதவாதக் கட்சி தடை செய்யப்பட்டதும் அதற்கு முன்புதான். மறுபுறம், விவசாயிகளின் கட்சியிலிருந்து பிரிந்த இடது சோசலிசப் புரட்சியாளர்கள் சபை கலைக்கப்பட்ட பின்னும் போல்ஷ்விக்குகளோடு அமைச்சரவையில் இருந்தார்கள்; ஜெர்மனியோடு செய்துகொண்ட பிரெஸ்ட் உடன்படிக்கையை எதிர்த்து 1918 மார்ச்சில்தான் விலகினார்கள். போல்ஷ்விக்குகளுக்குப் போட்டியான மார்க்சியக் கட்சியான மென்ஷ்விக்குகள் தடையும் அனுமதியுமாக 1921 வரை ஏதோ ஒரு வகையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கதவையும் அடைக்கும்போது சொல்வதற்கு நியாயமான ஒரு காரணம் கையில் இருந்தது என்பதுதான் இதில் எனக்கு அச்சம் தருவது.

2024 நவம்பர் 14

மன்னரைக் கொன்ற பாவம்தான் தொடர்ந்து வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யெகாதெரின்பர்க் வீட்டின் கீழ்த்தளத்தில் 1918 ஜூலை 17 அதிகாலை ஜாரையும், மனைவியையும், நான்கு பெண்களையும், நோயாளியான பதின்மூன்று வயது மகனையும், உடனிருந்த பணியாட்களையும் விசாரணை எதுவுமின்றிச் சுட்டதற்குச் சமாதானம் சொல்ல என்னால் முடியாது. பெரியப்பா ஏதோ சொல்வார், அது அவருக்கே ஒட்டாது. ஆனாலும் சர்வாதிகாரத்துக்கு அது காரணம் அன்று. சீனர்கள் பூயியைக் கொல்லவில்லை. பத்தாண்டு சிறைக்குப் பின் 1959இல் மன்னித்து விடுதலை செய்து, பெய்ஜிங் தாவரவியல் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். சக்கரவர்த்தி செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒற்றைக் கட்சி ஆட்சி அப்படியேதான் இருந்தது. வியட்நாமின் பேரரசர் பாவோ தாய் 1945 ஆகஸ்டில் முத்திரையையும் வாளையும் ஒப்படைத்துவிட்டு, சிறிது காலம் ஹோ சி மின் அரசுக்கு ஆலோசகராகக்கூட இருந்தார். ஹைலே செலாசியை ஒரு சிறிய ஃபோக்ஸ்வாகன் காரின் பின்னிருக்கையில் ஏற்றி அனுப்பினார்கள். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். அவருடைய எலும்புகள் 1992இல்தான் அரண்மனைத் தரைக்கடியில் கிடைத்தன. மன்னர்களுக்கு நேர்ந்த முடிவு ஊருக்கு ஊர் வேறு வேறாக இருக்க, ஆட்சியின் முடிவு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

நம்மிடத்திலும் குட்டி மன்னர்கள் இருந்தார்களே. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் சிங்கம்பட்டியையும் சேர்த்து எல்லா ஜமீன்களையும் ஒரே வரியில் முடித்தது. ஆனால் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: சிங்கம்பட்டியில் கடைசியாகப் பட்டம் சூட்டிக்கொண்ட ஜமீன்தார், 2020இல் காலமாகும்வரை, ராஜ உடையும் தலைப்பாகையுமாக அங்கே அமர்ந்து காட்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெயிலில் அந்தப் பட்டு உடைக்குள் மனிதர் என்ன பாடுபடுகிறாரோ என்றுதான் தோன்றியது. என் பக்கத்தில் நின்ற பெரியப்பா, முன்னாள் தோழர், கையெடுத்துக் கும்பிட்டார். கேட்டால் அய்யனாரைக் கும்பிட்டேன் என்பார்.

2024 நவம்பர் 15

கம்யூனிசமே இல்லாமல் கிராம்வெல் வரவில்லையா, நெப்போலியன் வரவில்லையா என்ற கேள்வி சரியானது. இங்கிலாந்தில் 1649இல் மன்னர் தலை விழுந்தது. 1653இல் கிராம்வெல் படையோடு வந்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஆனால் கிராம்வெல் இறந்து இரண்டாண்டுக்குள் மன்னர் குடும்பம் திரும்பிவிட்டது. லெனின் இறந்தபின் அவருடைய கட்சி அறுபத்தேழு ஆண்டுகள் ஆண்டது. தனிமனிதனின் சர்வாதிகாரம் அவனோடு போய்விடும், கட்சிக்குச் சாவில்லை. புதுமை அங்கேதான் இருக்கிறது.

2024 நவம்பர் 19

கட்சி என்று சொன்னதும் கட்சிக்குள் ஜனநாயகம் இருந்ததே, உள்ளே விவாதித்து, முடிவானபின் எல்லோரும் அதற்குக் கட்டுப்படும் ஜனநாயக மத்தியத்துவம் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியும். புத்தகத்தில் படித்ததைவிட வேறிடத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

1980களின் நடுவில் ஒரு பீடித் தொழிலாளர் சங்கத்தில் மூன்றாண்டுகள் பொருளாளராக இருந்தேன். சங்கமும் ஊரும் எது என்பது இங்கே வேண்டாம். ஆண்டுக்கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு, வேப்பமரத்தடியில். பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், இலையில் தூளை வைத்துச் சுற்றி நூல் கட்டுவது ஒரு பக்கம் நடக்கும். செயலாளர் தீர்மானத்தை வாசித்துவிட்டு, "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்பார். எல்லாக் கையும் உயரும். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்று அவர் கேட்டு நான் கேட்டதேயில்லை. "ஒருமனதாக நிறைவேறியது" என்று நான் பேரேட்டில் எழுதுவேன்.

ஓர் ஆண்டு நடு வரிசையில் ஓர் அக்கா கை தூக்கவில்லை. செயலாளர் சிரித்துக்கொண்டே, "என்ன மைனி, கை வலிக்கோ?" என்றார். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எதுக்குத் தூக்கணும்னு சொன்னாத் தூக்குதேன் அண்ணாச்சி" என்றார். கூட்டம் சிரித்தது. செயலாளரும் சிரித்தார். தீர்மானம் ஒருமனதாகவே நிறைவேறியது.

நான்கு மாதம் கழித்து, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை மனுக்களை அனுப்பும் வேலை வந்தது. மனுக்கட்டில் அந்த அக்காவின் மனு இல்லை. செயலாளரின் மேசையில் கீழ் இழுப்பறையில், பழைய சந்தா ரசீதுகளுக்கு அடியில், மடித்தபடி கிடந்தது. கடைசித் தேதி போய் ஒன்பது நாட்களாகியிருந்தன. யாரும் அவரை மிரட்டவில்லை, நீக்கவில்லை. ஒரு தாள் ஓர் இழுப்பறையில் தங்கிவிட்டது, அவ்வளவே.

2024 நவம்பர் 20

நேற்றைய குறிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் அந்த இழுப்பறையின் வழியாகத்தான் ஸ்டாலின் எனக்குப் புரிந்தார். 1921 மார்ச்சில் கிரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகள், சோவியத்துகள் எனப்பட்ட மக்கள் மன்றங்களுக்கு மறுதேர்தல் வேண்டும், ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டுக் கிளர்ந்தார்கள். புரட்சியின் செல்லப்பிள்ளைகள் என்று புகழப்பட்டவர்கள்மீதே படை ஏவப்பட்டது. அதே நாட்களில் கூடிய பத்தாவது கட்சி மாநாடு, கட்சிக்குள் தனிக் குழுக்கள் கூடாது என்று தீர்மானித்தது. வெளியே எதிர்க்கட்சி இல்லை, உள்ளே எதிர்க்குழுவும் இல்லை. மறு ஆண்டு ஏப்ரலில் ஸ்டாலின் பொதுச் செயலாளரானார். அன்றைக்கு அது பெருமைக்குரிய பதவியன்று, கோப்பு பார்க்கும் வேலை. மேடையில் லெனினின் தோழரும் பின்னாளில் ஸ்டாலினால் நாடு கடத்தப்பட்டவருமான ட்ராட்ஸ்கி இடி முழங்கிக்கொண்டிருக்க, எந்த மாவட்டத்துக்கு யார் செயலாளர், எந்த மனுவுக்கு எப்போது பதில் என்று மேசையில் ஒருவர் முடிவு செய்துகொண்டிருந்தார். அந்த மாவட்டச் செயலாளர்களே மாநாட்டுக்குப் பிரதிநிதிகளாக வந்து கை தூக்கினார்கள். அவரை அப்பதவியிலிருந்து மாற்றும்படி லெனின் நோய்ப்படுக்கையிலிருந்து எழுதி வைத்த குறிப்பு, அவர் இறந்தபின் 1924 மாநாட்டுப் பிரதிநிதிகளுக்குத் தனித்தனிக் குழுக்களாக வாசிக்கப்பட்டு, அச்சேறாமல் நின்றது. அதுவும் ஓர் இழுப்பறைதான்.

1934இல் கூடிய பதினேழாவது மாநாட்டுக்கு வந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் பின்னர் கைது செய்யப்பட்டார்கள்; அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழுவின் 139 பேரில் 98 பேர் சுடப்பட்டார்கள். இந்தக் கணக்கைச் சொன்னவர் எதிரி அல்லர். 1956இல், ஸ்டாலினுக்குப் பின் தலைவரான குருஷ்சேவ் சொந்தக் கட்சியின் மாநாட்டில் சொன்னது. அந்தப் பதினேழாவது மாநாட்டுக்கு வெற்றியாளர்களின் மாநாடு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ட்ராட்ஸ்கிக்கு இரக்கப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. கட்சியின் இடத்தில் கட்சி அமைப்பும், அமைப்பின் இடத்தில் மத்தியக் குழுவும், மத்தியக் குழுவின் இடத்தில் ஒரு சர்வாதிகாரியும் வந்து அமர்வார்கள் என்று 1904இலேயே லெனினைச் சாடி எழுதியவர் அவர்தான். கிரோன்ஸ்டாட் மீது படையை அனுப்பியபோது போர்த்துறைப் பொறுப்பில் இருந்தவரும் அவர்தான்.

2024 நவம்பர் 23

செங்கோட்டைக்காரர் ஒருவர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மன்னரைக் கம்யூனிஸ்டுகளே நேரடியாக இறக்கிய நாடுகளும் உண்டே என்று ருமேனியாவையும் லாவோஸையும் காட்டுகிறார். உண்மை. ருமேனியாவின் மிகாய் மன்னரை 1947 டிசம்பர் 30 அன்று மிரட்டிக் கையொப்பம் வாங்கினார்கள். லாவோஸ் மன்னர் 1975 டிசம்பரில் முடிதுறந்து, பிறகு முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். கேட்டவர் சொன்ன நான்கு நாடுகளுக்கு மட்டும்தான் பதில் சொன்னேன் என்று தப்பிக்கலாம், தப்பிக்க விரும்பவில்லை. ஆனால் ருமேனியாவில் சோவியத் படை உள்ளே இருந்தது. லாவோஸில் பக்கத்து வியட்நாமின் வெற்றி முதுகுக்குப் பின்னால் நின்றது. அங்கே காலியான இடமே உண்டாகவில்லை. சர்வாதிகாரம் தைத்த சட்டையாக வந்து இறங்கியது.

அவருக்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஊரின் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. மலைக்கு அப்பால் என்ன நடந்தது? பத்தாண்டுக்கு முன் புன்னப்புரையிலும் வயலாரிலும் திவான் சர் சி.பி.யின் படை நூற்றுக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்ற அதே மண்ணில், மன்னர் ராஜப்பிரமுகராகப் பெயரளவுக்கு இருந்த பதவியும் முடிந்து ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரலில் கம்யூனிஸ்டுத் தலைவர் ஈ.எம்.எஸ். தேர்தலில் வென்று கேரள முதலமைச்சரானார். சட்டமன்றத்தை மூடியவர்கள் அவர்கள் அல்லர்; பெரும்பான்மை இருக்கும்போதே 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு 356ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த ஆட்சியைக் கலைத்தது. பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரத்தைப் பாடமாகப் படித்தவர்கள் மறுபேச்சின்றி இறங்கினார்கள், மறு தேர்தலில் தோற்றார்கள், 1967இல் கூட்டணியோடு திரும்ப வந்தார்கள். கோளாறு கொள்கையிலேயே இருக்கிறது என்று சொன்ன அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை.

2024 நவம்பர் 24

அண்ணாச்சியின் பதில் வந்துவிட்டது: "அவர்களுக்கு மேலே டெல்லி இருந்தது, அதனால் அடங்கினார்கள்." பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ரஷ்யாவில் கட்சிக்கு மேலே எதுவும் இல்லை. மக்களுக்காகத்தான் ஆள்கிறோம் என்ற உறுதி வேறு இருந்தது. மக்களே எதிர்த்து வாக்களித்தால், அவர்களுக்கு இன்னும் விழிப்பு வரவில்லை என்று அந்த உறுதியே விளக்கம் சொல்லிவிடும். கோளாறு கொள்கையில் இருக்கிறது என்றால் இங்கே இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்தது, பல நாட்டுப் படைகள் உள்ளே வந்தன, பஞ்சம் வந்தது, வேறு வழி என்ன என்று பெரியப்பா கேட்பார்; நானும் பல காலம் அதையே சொன்னேன். ஆனால் குழுக்களுக்குத் தடை வந்த 1921 மார்ச்சில் போர் பெரும்பாலும் முடிந்து, வென்றிருந்தார்கள். அந்தத் தேதி என் கண்ணில் பட்ட பிறகு பழைய வாதத்தை எடுக்க வாய் வருவதில்லை.

2024 நவம்பர் 27

அந்த அக்கா என்ன ஆனார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மறு ஆண்டு மனுவைத் தாமே பேருந்தேறிப் போய்த் திருநெல்வேலியில் கொடுத்துவிட்டு வந்தார். மகன் படித்தான். சங்கத்துக்கு அவர் பிறகு வரவில்லை. கூட்டங்கள் அதன்பின் மெய்யாகவே ஒருமனதாக நடந்தன. நான் அந்த இழுப்பறையைத் திறந்து பார்த்ததைச் செயலாளரிடம் கேட்டேனா என்று ஒருவர் குறிப்பாகக் கேட்கிறார். கேட்கவில்லை. மனுவை எடுத்து மேலே வைத்தேன். தீர்மானத்துக்கு என் கையும் உயர்ந்துதான் இருந்தது.

2024 டிசம்பர் 2

விதிவிலக்கு உண்டா என்று முதலில் கேட்ட கேள்விக்கு நேபாளத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அங்கே மாவோயிஸ்டுகள் 1996இல் மன்னராட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்தார்கள். பத்தாண்டுப் போரில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2006இல் ஏழு கட்சிகளோடு சேர்ந்து உடன்படிக்கைக்கு வந்தார்கள், ஆயுதங்கள் ஐ.நா. கண்காணிப்பில் பெட்டகங்களில் பூட்டப்பட்டன. 2008 ஏப்ரல் தேர்தலில் அவர்களே பெரிய கட்சி. ஆனால் பெரும்பான்மை இல்லை. மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை மன்னராட்சியை ஒழித்தது. எதிர்த்தவர்கள் நான்கே பேர். மாவோயிஸ்டுத் தலைவர் பிரசண்டா பிரதமராகி, ராணுவத் தளபதியை நீக்கும் சண்டையில் தோற்று, ஒன்பது மாதத்திலேயே பதவி விலகினார். 2013 தேர்தலில் மூன்றாமிடத்துக்குப் போனார்கள். மோசடி என்று கூச்சலிட்டார்கள். சில வாரங்களில் அடங்கி, அதே சபைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

கடைசி மன்னர் ஞானேந்திரா 2008 ஜூன் 11 அன்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, நாராயண்ஹிட்டி அரண்மனையை விட்டுக் காரில் கிளம்பிப் போனார். அரண்மனை இப்போது அருங்காட்சியகம். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் போய்ப் பார்க்கலாம்.